ஸ்ப்ரிங் இல்லாத புல்லட்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. இரவு தூறியிருந்தது, வாசல் சிமெண்டில் ஈரம் காயவில்லை. வானம் மூடிக் கிடந்தது, காற்று கொஞ்சமும் இல்லை. நான் கேட் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். இந்திரா நகரில் எனக்கு நான்கு தெரு தள்ளியிருக்கும் தேவராஜன் சார், ஸ்டார்ட் ஆகாத தன் பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்து என் வீட்டு முன்னால் நிறுத்தினார். அவருக்கு எழுபத்தாறு வயது. வண்டி நூற்று அறுபது கிலோவுக்குக் குறையாது. அவருக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். மோட்டார் சைக்கிள்தான். ஆனால் பாதியைக் கழற்றி எறிந்தது போல இருந்தது. ஒரே ஒரு ஆள் உட்காரும் சீட்டு, தரையோடு தரையாக. பின்பக்க மட்கார்டு ஒரு சாண்தான். பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பரே இல்லை. சக்கரம் நேராக இரும்புக் குழாயில் மாட்டியிருந்தது. இதற்கு ரிஜிட் பாபர் என்று பெயராம். எனக்குத் தெரிந்த பாபர் பானிபட்டில் சண்டை போட்டவர் ஒருவர்தான் என்றேன். சார் சிரிக்கவில்லை.

"முருகேசன், இத இந்த மாதிரி பண்ணணும். நாப்பதாயிரம் இருக்கு. அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது."

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நிலக்கரிச் சுரங்க வொர்க்‌ஷாப்பில் இப்போது வேலை செய்பவர்கள் சென்ற மாதம் ஒரு பணிநிறைவு விழாவில் என்னைப் பிடித்துக்கொண்டு, தேவராஜன் சாரிடம் வேலை பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான் மிச்சம், அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுத உட்கார்ந்தால் சுரங்கமும் இந்த வண்டியும் கலந்து கலந்து வருகிறது. பிரிக்கத் தெரியவில்லை. வருகிறபடியே எழுதுகிறேன்.

நான் கம்மாபுரம் பக்கத்துக்காரன். ஐடிஐயில் வெல்டிங், பிறகு அப்ரெண்டிஸ், பிறகு பெர்மனென்ட். பதினோரு வரியில் எழுதக்கூடிய பயிற்சிக் காலத்தை இந்த ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். மேல்மண் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரங்களின் பராமரிப்பில் இருபத்திரண்டு வருடம் தேவராஜன் சாருக்குக் கீழே இருந்தேன்.

சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பெர்மனென்ட், கான்ட்ராக்ட் எல்லோருக்கும் வாங்க போங்கதான். வரைபடத்தில் பதினாறு மில்லி போல்ட் என்றிருந்தால் பதினெட்டு போட விடமாட்டார். "பெரிசு போட்டா நல்லதுதானே சார்" என்று ஒருவர் கேட்டதற்கு, "நல்லதா இருந்தா வரைஞ்சவனே போட்டிருப்பான்" என்றார். கால் கிலோவில் ஒரு சின்னச் சுத்தியல் வைத்திருப்பார். வெல்டிங் ஆறிய பிறகு, ஒரு உள்ளங்கையை இரும்பின் மறுபக்கம் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தூரத்திலிருந்து ஜாயின்ட்டை நோக்கித் தட்டிக்கொண்டே வருவார். முடிந்ததும் இரண்டில் ஒன்று சொல்வார். "சரி" என்றால் சரி. "இன்னொரு தடவ பாப்பமா?" என்றால் அதை வெட்டி எடுத்து மறுபடி செய்ய வேண்டும். எதிர்த்துக் கேட்டவர் யாரும் இல்லை.

ஒரு தடவை கேட்டார்கள். அந்தக் கதையைத்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள்.

மண்ணை வெட்டும் வாளிகள் கோத்த ராட்சதச் சக்கரத்தைத் தாங்கும் நீண்ட கையை நாங்கள் பூம் என்போம். வருடாந்திரப் பராமரிப்பு முடிந்து இயந்திரம் ஓடத் தொடங்கி மூன்றாவது நாள். காலை ஷிப்ட் ஆரம்பம். சார் பூம் மேலே ஏறி நடந்தார், தட்டினார், நின்றார். மறுபடி தட்டினார். "ஏழாம் நம்பர். மெஷின நிறுத்துங்க" என்றார். எங்கள் இடத்தில் ஜாயின்ட்டுகளுக்கு நம்பர் உண்டு. ஆபரேட்டர் சீட்டில் உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தபடி இடமிருந்து வலமாக எண்ண வேண்டும். நீங்கள் எங்கே நின்றாலும், தலைகீழாகத் தொங்கினாலும், எண்ணுவது ஆபரேட்டர் சீட்டிலிருந்துதான். அதில் குழம்பினால் நல்ல ஜாயின்ட்டை வெட்டிவிட்டுக் கெட்டதை விட்டுவிடுவீர்கள்.

ஏழாம் நம்பரில் சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளைப் பூச்சு போட்டுப் பார்த்தோம். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்பாகக் கோடு கசியும். கசியவில்லை. மேலே இருப்பவர்கள் போன் மேல் போன். கன்வேயர் காலியாக ஓடுகிறது. சார் போனில், "உள்ள இருக்கு. சாயத்துக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார். என்னிடம் கார்பன் குச்சியைப் பிடிக்கச் சொன்னார். அது இரும்பை உருக்கிக் காற்றால் ஊதித் தள்ளும் முறை. சீக்கிரம் முடியும், ஆனால் கெட்டது எதுவாக இருந்தாலும் நெருப்பாகப் பறந்து போய்விடும். நான் ஊதினேன். பள்ளம் சுத்தமாக இருந்தது. உள்ளே விரிசல் இருந்து அது பறந்து போனதா, இல்லை ஒன்றுமே இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று ஷிப்ட் போயிற்று. மறுபடி வெல்டிங் செய்தோம். இயந்திரம் அதற்குப் பிறகு பதினான்கு வருடம் ஓடியது. சார்தான் காப்பாற்றினார் என்று பாதிப்பேர். மூன்று ஷிப்டை வீணடித்தார் என்று மீதிப்பேர். குச்சியைப் பிடித்தவன் நான். எனக்கே தெரியாது.

பதினெட்டு மில்லி போல்ட் போட விடாத மனிதர் இப்போது ஸ்ப்ரிங்கைக் கழற்று என்கிறார். ஏன் சார் என்று கேட்டேன். சீட்டு தாழ்வாக இருந்தால் இரண்டு காலும் தரையில் படும் என்றார். நியாயம். சீட்டை மட்டும் இறக்கலாமே என்றேன். பின்பக்கம் ஆடுகிறது என்றார். புஷ் மாற்றினால் ஆடாது என்றேன். கொஞ்ச நேரம் டாங்க்கைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "ஸ்ப்ரிங் இருந்தா கீழ என்ன நடக்குதுன்னே தெரியல முருகேசன்" என்றார்.

அவர் போன பிறகு என் மனைவி அஞ்சலை வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். "ஸ்ப்ரிங் வாங்கத்தான் காசு குடுப்பாங்க. புடுங்கறதுக்கு இன்னாத்துக்கு நாப்பதாயிரம்?" என்றாள்.

அஞ்சலைக்கும் எனக்கும் வேறொரு கவலையும் இருந்தது. சார் தனியாகத்தான் இருக்கிறார். மனைவி இறந்து நான்கு வருடம். பெண் மாலதி கோயம்புத்தூரில். இருந்த பணத்தில் பெரும்பகுதி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போயிற்று. பென்ஷன் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பென்ஷன். ஜூன் கடைசியில் ஒரு நாள் பால் வாங்கப் போனவர் பண்ருட்டி பஸ்ஸில் ஏறிவிட்டார். பண்ருட்டியில் இறங்கி மாலதிக்குப் போன் செய்து, நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று கேட்டாராம். அந்தப் பெண் பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து சார் பதினோரு கிலோவில் ஒரு பலாப்பழத்தோடு இறங்கினார். "சீசன் முடியப் போகுது, அதான்" என்றார். நல்ல பழம். சுளை எண்பத்தேழு இருந்தது. அவர் வழி தவறிப் போனாரா, பழத்துக்குப் போனாரா? மாலதி அக்டோபரில் வருவதாகச் சொன்னாள். அப்பா தனியாக இருக்கலாமா, வீட்டைக் காலி செய்து கூட்டிக்கொண்டு போவதா என்று அப்போது முடிவு. சாருக்கும் அது தெரியும்.

நான் மூன்று நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டேன். ஆனால் சேஸிஸை வெட்ட மாட்டேன், அதில் நம்பர் இருக்கிறது, சட்டம் இருக்கிறது என்றேன். ஷாக் அப்சார்பரையும், பின்சக்கரத்தைத் தாங்கி ஊசலாடும் கையையும் கழற்றி, அதே போல்ட் துளைகளில் மாட்டும்படி ஒரு முக்கோணக் கூண்டு செய்து பூட்டலாம். வேண்டாமென்றால் கழற்றிப் பழையதைப் போட்டுக்கொள்ளலாம். இதுவும் மாற்றம்தான், அதிகாரி யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று எத்தனையோ நாள் தூங்கவில்லை. சார் மட்டும் "வரைஞ்சு காட்டுங்க" என்றார்.

வரைந்து கொண்டுபோனேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தவர், சக்கர அச்சு உட்காரும் எட்டு மில்லித் தகட்டின் மூலையில் பென்சிலை வைத்தார். "இங்க கூரா விட்டிருக்கீங்க. வளைச்சு விடுங்க. விரிசல் மூலையிலதான் குடியேறும்." நூற்றுக்கு நூறு சரி. நான் கவனிக்காமல் விட்டது. படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லா இருக்கு குப்புசாமி" என்றார். குப்புசாமி எங்கள் கேங்கில் கிரேனுக்குச் சாமான் கட்டிவிடும் ரிக்கராக இருந்தவர். இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

குழாயும் தகடும் பண்ருட்டியில் பழைய இரும்புக் கடையில் எடுத்தேன். பதினான்கரை கிலோ. ஒற்றை சீட்டும் அங்கேயே கிடைத்தது. ஆயிரத்து எண்ணூறு சொன்னதை ஆயிரத்து நானூற்றைம்பதுக்கு முடித்தேன். அந்த சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்ப்ரிங் இருந்தது. சார் பார்த்துவிட்டு இது எதற்கு என்றார். "இது வண்டிக்கு இல்ல சார், உக்கார்றவருக்கு" என்றேன். கொஞ்சம் யோசித்து, சரி என்றார். இன்ஜின் வேலைதான் பணத்தைத் தின்றது. பிஸ்டன், ரிங், வால்வு, போரிங் என்று பத்தொன்பதாயிரத்து அறுநூறு. பின் டயர், செயின், வயரிங், பெயின்ட், பட்டறைக் கூலி எல்லாம் வேறு. செப்டம்பர் முடியும்போதே நாற்பதாயிரம் தீர்ந்துவிட்டது. சாரிடம் சொல்லவில்லை.

வெல்டிங்கை மந்தாரக்குப்பத்தில் பாஸ்கரின் பட்டறையில் செய்தேன். பாஸ்கர் முன்பு சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருந்தவர்; இப்போது கிரில் கேட் செய்கிறார். நான் ராடுகளை ஒரு மணி நேரம் சூடேற்றிக் காயவைப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, வடாம் காயப்போட்டுகினு கீறீங்க" என்றார். அச்சுத் தகட்டில் குழாய் சேரும் இடம்தான் முக்கியம். எங்கள் முறைப்படி ஓட்டுபவர் சீட்டிலிருந்து பார்த்து, இடப்பக்கம் ஒன்றாம் நம்பர், வலப்பக்கம் இரண்டாம் நம்பர். என் கை முன்போல் இல்லை. இருந்தாலும் இரண்டும் பார்க்க நன்றாகவே வந்தன. சாயம் போட்டுப் பார்த்தேன். சுத்தம்.

அக்டோபர் இரண்டாம் வாரம் மாலதி வந்தாள். மறுநாள் சாரையும் மாலதியையும் பட்டறைக்கு வரச் சொன்னேன். வண்டி முழுதாகப் பூட்டி நின்றது. சீட்டு உயரம் எண்பது சென்டிமீட்டரிலிருந்து அறுபத்தாறுக்கு இறங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாக இருந்தது. ஏன் அழகாக இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

சார் வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தார். பிறகு பாஸ்கரிடம் சின்னச் சுத்தியல் கேட்டார். முன்சக்கரத்தின் பக்கமிருந்து குனிந்து, அப்படியே பின்னால் நகர்ந்து, குழாயில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடித் தட்டிக்கொண்டே போனார். இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை. மறுபடி முன்னால் வந்து, வண்டியைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னார்.

"ரெண்டாம் நம்பர். இன்னொரு தடவ பாப்பமா?"

சுத்தியலை பாஸ்கரிடம் கொடுத்துவிட்டு எதிர்க்கடைக்குத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

மாலதி என்னைத் தனியே கூப்பிட்டாள். அந்தப் பெண்ணை நான் பள்ளிக்கூடப் பையோடு பார்த்தவன். இப்போது தலையில் நரை. "அங்கிள், மூணு மாசமா நீங்கதான் கூட இருக்கீங்க. டாக்டர்கிட்ட காட்டினேன். இந்த வயசுக்கு வர்ற மறதியா இருக்கலாம், ஆரம்பமாவும் இருக்கலாம், ஆறு மாசம் கழிச்சு வாங்கங்கறார். எனக்கு ஆறு மாசம் லீவு கிடையாது. அப்பா சரியாத்தான் இருக்காரா? அதச் சொல்லுங்க போதும்" என்றாள்.

என்ன சொல்ல? சாயத்தில் ஒன்றும் தெரியாத ஜாயின்ட்டை வெட்டு என்கிறார். வெட்டவில்லையென்றால் அவருக்குப் புத்தி சரியில்லை என்று நானே தீர்ப்புச் சொன்ன மாதிரி. வெட்டினால் எழுபத்தாறு வயதுக் காதை நம்பி நல்ல வேலையைக் கெடுத்த மாதிரி. ஒரு மணி நேரம் கொடும்மா என்றேன்.

பாஸ்கர் கட்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். இந்தத் தடவை எதுவும் பறந்து போகக் கூடாது. சின்ன கிரைண்டரில் அரை மில்லி அரை மில்லியாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். இரண்டாம் நம்பர், வலப்பக்கம். அடிவரை போனேன். இரும்பு மட்டும்தான். ஒரு துளி கறுப்பு இல்லை. கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். மாலதி தூரத்திலிருந்து என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். தேநீர்க் கடைப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுந்து போய்ச் சொல்லியிருப்பேன். ஒன்று தோன்றியது. சார் சொல்லும்போது வண்டிக்கு முன்னால், அதைப் பார்த்தபடி நின்றிருந்தார். அங்கிருந்து இடமிருந்து வலமாக எண்ணினால் இரண்டாவதாக வருவது வண்டியின் இடப்பக்கம், என் ஒன்றாம் நம்பர்.

ஒன்றாம் நம்பரைத் தேய்க்க ஆரம்பித்தேன். பாஸ்கர், "அதயுமா? மேஸ்திரி, அது நல்லா இருக்குன்னுதான அவரு வுட்டுட்டாரு" என்றார். இரண்டு மில்லிக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு வந்தது. கசடு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது, அரிசிமணி நீளத்துக்கு இரண்டு பங்கு. ஸ்ப்ரிங் இல்லாத வண்டியில் ஒவ்வொரு பள்ளமும் நேராக அங்கேதான் இடித்திருக்கும். எத்தனை மாதம் தாங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். பாதியில் விட்டுவிட்டு மாலதியைக் கூப்பிட்டேன்.

மாலதியிடம் அப்படியே சொன்னேன். பழுது இருந்தது. அப்பா இருக்கிறது என்று சொன்னார். ஆனால் அவர் சொன்ன நம்பரில் இல்லை, மற்றதில் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து எண்ணியிருந்தால் காது சரி. ஆனால் நாற்பது வருடமாக மாறாத எண்ணும் முறை மறந்து போயிற்று. முறைப்படி எண்ணியிருந்தால் ஞாபகம் சரி. ஆனால் காது தப்பு, கிடைத்தது தற்செயல்.

"இதுல எது அங்கிள்?"

"தெரியலம்மா."

"அவர்கிட்டயே கேட்டா?"

கேட்டோம். சார் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தார். "பழுது இருந்துச்சா இல்லையா?" என்றார். இருந்தது சார் என்றேன். "அப்புறம் என்ன?" என்றார்.

மாலதி சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். அஞ்சலை கொடுத்த காபியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு, "நான் அவர இங்கயே விட்டுட்டுப் போனா, அவர் வண்டி எடுக்கறப்பல்லாம் நீங்க பின்னாலயே போவீங்களா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றாள். நான் பதில் தேடுவதற்குள் அஞ்சலை, "போவாரு. வூட்டுல குந்திகினு இன்னா பண்றாரு?" என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு ஜாயின்ட்டையும் மறுபடி வெல்டிங் செய்தேன். சார் தட்டிப் பார்த்து, சரி என்றார்.

நவம்பரிலிருந்து, மழை இல்லாத நாளில், காலை ஆறரைக்கு அவர் கிளம்புகிறார். டவுன்ஷிப்புக்குள் அகலமான ரோடுகளில், முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், பிளாக் பிளாக்காக ஒரு சுற்று. நான் பதினைந்து அடி தள்ளி ஸ்கூட்டரில். அந்த வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் அவரைத் தூக்கிப் போடும். அவர் முதுகு வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இரண்டாவது வாரம் ஓரமாக நிறுத்தி என்னைக் கிட்டே கூப்பிட்டார். "உங்க வண்டியில வால்வு தட்டுது. பாருங்க" என்றார். மெக்கானிக்கிடம் காட்டினேன். தட்டியது உண்மை.

சென்ற வாரம் ஒரு நாள், வழக்கமாக வீட்டுப் பக்கம் திரும்பும் ரவுண்டானாவில் திரும்பாமல், சுரங்கத்துக்குப் போகும் ரோட்டில் நேராகப் போனார். பின்னால் ஹாரன் அடித்தேன். நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய், பஸ் நிழற்குடைக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ் போயிடுச்சா முருகேசன்?"

என் பெயர் சரியாக இருந்தது. போய்விட்டது சார் என்றேன். தலையாட்டினார். "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பி நேராக வீட்டுக்கு வந்தார். வேடிக்கைக்குக் கேட்டாரா என்று வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதுகில் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலதி போன் செய்தபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன். "ஆனா வீட்டுக்கு அவரே வந்துட்டாரில்ல?" என்றாள். அவரேதான் வந்தார் என்றேன். "நாளைக்கும் போவீங்களா அங்கிள்?" என்றாள். போவேன் என்றேன்.

நாற்பதாயிரத்துக்கு மேல் வண்டிக்கு நான் போட்டது, இரண்டு ஜாயின்ட்டையும் திரும்பச் செய்தது சேர்த்து, ஏழாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. என் ஸ்கூட்டருக்கு வால்வு சரிசெய்ய முன்னூற்றைம்பது. பெட்ரோல் ஒரு காலைக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம், இருநூற்றியொரு காலைக்கு ஐயாயிரத்து இருபத்தைந்து. இன்று காலை வரை எனக்கு ஆன செலவு ரூபாய் 12,990.